நட்சத்திரம் போட்டால் ஏன் ஒரு புது வட்டம்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இரண்டு மொழிகளைச் சேர்ப்பதற்கும் ஒட்டுவதற்கும் ஆட்டோமேட்டா வரைவது எப்படி என்று எழுதியிருந்தோம். நட்சத்திரத்தை மட்டும் அம்போவென்று விட்டுவிட்டீர்களே என்று கோபியிலிருந்து நாமக்கல் வரை கடிதங்கள். அதனால் இந்த முறை பகுதி முழுக்க நட்சத்திரம்தான். புதிதாக வருகிறவர்களுக்கு: எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் சரம், சரங்களின் தொகுப்பு மொழி. ஒரு சரத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, அது மொழியில் உண்டா என்று சொல்கிற வட்டமும் அம்புமான படம்தான் ஆட்டோமேட்டா. வட்டம் ஒவ்வொன்றும் ஒரு நிலை, படித்து முடித்ததும் ஏற்பு நிலையில் நின்றால் சரம் மொழியில் உண்டு. எழுத்து எதையும் படிக்காமல் தாண்டுகிற அம்பு எப்சிலான். ஒரு மொழிக்கு நட்சத்திரம் என்றால் அதன் சரங்களை எத்தனை வேண்டுமானாலும் ஒட்டிக் கிடைப்பவை எல்லாம், ஒன்றுமே எடுக்காத வெற்றுச் சரமும் சேர்த்து.

ஏனுங்க ஐயா, ஒரு மொழிக்கு ஆட்டோமேட்டா கையில் இருக்குது. அதற்கு நட்சத்திரம் போட்டால் வெற்றுச் சரமும் உள்ளே வர வேண்டும், அவ்வளவுதானே? தொடக்க நிலையையே ஏற்பு நிலையாக்கிவிட்டு, பழைய ஏற்பு நிலைகளிலிருந்து தொடக்கத்துக்கு எப்சிலான் அம்பு போட்டேன். இன்டர்னல் டெஸ்டில் மார்க் போய்விட்டது. 'புதிய தொடக்க நிலை எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். எதற்கு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லைங்க.
– பொறியியல் மாணவி, கோபிசெட்டிபாளையம்

அம்மணி, உங்கள் படம் பல மொழிகளுக்குச் சரியாகவே வேலை செய்யும், அதுதான் வம்பு. நான்கு எடுத்துக்காட்டு போட்டுப் பார்த்து நான்கும் சரியாக வந்தால் முறையே சரி என்று தோன்றிவிடும்.

உடைகிற இடத்தைக் காட்டுகிறேன். பவானி ஜமக்காளத்தின் கோடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ப என்றால் பச்சைக் கோடு, ம என்றால் மஞ்சள் கோடு. ஒரு டிசைன் துண்டுக்கு விதி இதுதான்: பச்சை எத்தனை வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம், ஆனால் கடைசியில் கட்டாயம் ஒரே ஒரு மஞ்சள். ம, பம, பபம, பபபம எல்லாம் இந்த மொழியில் உண்டு. இதற்கு ஆட்டோமேட்டா ரொம்பச் சுலபம். நிலை 0 தொடக்கம், அதில் ப வந்தால் அங்கேயே சுற்றும், ம வந்தால் நிலை 1-க்குப் போகும், 1 ஏற்பு நிலை, அதற்கு மேல் அம்பு கிடையாது.

இந்த மொழிக்கு நட்சத்திரம் போடுவது என்றால், முழுத் துண்டுகளாக எடுத்து எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம், ஒன்றுமே எடுக்காமலும் இருக்கலாம். ஒவ்வொரு துண்டும் மஞ்சளில் முடிவதால், வெற்றுச் சரத்தைத் தவிர மற்ற எல்லாச் சரமும் மஞ்சளில்தான் முடிய வேண்டும். சரி, இப்போது உங்கள் முறைப்படி 0-ஐ ஏற்பு நிலையாக்குங்கள். 'ப' என்ற ஒற்றைப் பச்சையைக் கொடுங்கள். 0-இல் ஆரம்பித்து, ப படித்து, திரும்ப 0-இலேயே நிற்கிறது, 0 ஏற்பு நிலை, ஆகவே ஆட்டோமேட்டா 'சரி' என்று தலையாட்டிவிடும். பச்சையிலேயே பாதியில் நின்றுபோன துண்டை முழு ஜமக்காளம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மார்க் போனது இந்த இடத்தில்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று பாருங்கள். ஆட்டோமேட்டாவுக்கு ஞாபகம் என்பதே எந்த நிலையில் நிற்கிறது என்பது மட்டும்தான். பழைய ஆட்டோமேட்டாவில் 0-இல் நிற்கிறது என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்: இன்னும் எதுவுமே படிக்கவில்லை, அல்லது கொஞ்சம் பச்சை படித்துவிட்டு மஞ்சளுக்காகக் காத்திருக்கிறது. முதல் நிலைமையை ஏற்க வேண்டும், இரண்டாவதை ஏற்கக் கூடாது, ஆனால் வட்டம் ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் 'பு' என்று புதிதாக ஒரு வட்டம் போடுகிறோம். அதுவே தொடக்கம், அதுவே ஏற்பு நிலை, அதற்குள் வெளியிலிருந்து எந்த அம்பும் வராது, அதிலிருந்து 0-க்கு ஒரு எப்சிலான் அம்பு போகும். பழைய ஏற்பு நிலையான 1 ஏற்பு நிலையாகவே இருக்கட்டும், அதிலிருந்து 0-க்கு இன்னொரு எப்சிலான் அம்பு. முடிந்தது. இப்போது 'ப' கொடுத்தால் 0-இல் போய் நிற்கும், 0 ஏற்பு நிலை இல்லை, வெளியே போ.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். உங்கள் ஆட்டோமேட்டாவின் தொடக்க நிலைக்குள் எந்த அம்பும் வரவில்லை என்றால் உங்கள் குறுக்குவழியே போதும், புது வட்டம் வேண்டியதில்லை. அப்புறம் நீங்கள் போடுகிற எப்சிலான் அம்புகள் உள்ளே வருமே என்றால், அவை ஒரு துண்டு முழுசாக முடிந்த பிறகு மட்டும்தான் வரும், அங்கே ஏற்பது சரிதான். இன்னொரு விதிவிலக்கும் உண்டு. தொடக்க நிலை மட்டுமே ஏற்பு நிலையாக இருக்கிற டிஎஃப்ஏ (ஒவ்வொரு நிலையிலும் ஒரு எழுத்துக்கு ஒரே அம்பு, எப்சிலான் கிடையாது என்கிற ஆட்டோமேட்டா) கையில் இருந்தால் எதையும் தொடவே வேண்டாம், அந்த மொழியும் அதன் நட்சத்திரமும் ஒன்றேதான். ஏன் என்று நீங்களே ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பரீட்சையில் மட்டும் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காமல் புது வட்டத்தையே போட்டுவிடுங்கள், எல்லா மொழிக்கும் செல்லும்.

நிரூபணம் கேட்டால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். துண்டுகளை ஒட்டிய சரத்தை ஆட்டோமேட்டா ஏற்கும் என்பதைப் பலரும் எழுதிவிடுகிறார்கள். ஏற்ற சரத்தைத் துண்டுகளாக வெட்ட முடியும் என்கிற மறுபக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை: ஏற்பு நிலையிலிருந்து 0-க்கு எப்சிலான் அம்பில் திரும்பிய ஒவ்வொரு இடத்திலும் கத்தரி வையுங்கள், விழுகிற ஒவ்வொரு துண்டும் பழைய ஆட்டோமேட்டா ஏற்ற சரம்தான். உங்கள் குறுக்குவழியில் அடிவாங்குவது இந்த மறுபக்கம்தான்.

எப்சிலான் இல்லாமல் நேராக டிஎஃப்ஏ வரைய முடியாதா? அம்பு எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது.
– திருச்செங்கோடு வாசகர்

வரையலாம் தம்பி, ஆனால் எப்சிலானை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் வரைய வேண்டியிருக்கும். சிக்கல் எங்கே என்றால், ஒரு துண்டு முடிந்ததா, இல்லை அதே துண்டு இன்னும் நீள்கிறதா என்று அந்த இடத்தில் நின்று சொல்ல முடியாது. பம, பமப என்று இரண்டே சரம் உள்ள மொழியை எடுங்கள். 'பமப' வரைக்கும் படித்தாயிற்று. அடுத்து ம வந்தால் பம, பம என்று வெட்ட வேண்டும், அதாவது அந்த மூன்றாவது எழுத்து இரண்டாம் துண்டின் முதல் எழுத்து. அடுத்து ப வந்தால் பமப என்று வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். டிஎஃப்ஏ ஊகிக்காது, இரண்டு வாய்ப்பையும் சேர்த்தே சுமக்கும்.

எப்படி என்று செய்து பார்த்துவிடலாம். பழைய நிலைகள் 0, 1, 2, 3 என்று வரிசையாக, 2-உம் 3-உம் ஏற்பு நிலைகள். நட்சத்திரத்துக்கு பு சேர்த்து, 2-இலிருந்தும் 3-இலிருந்தும் 0-க்கு எப்சிலான். இனிமேல் எங்கெல்லாம் நிற்கக்கூடும் என்பதைக் கூட்டமாக எழுதுங்கள். ஆரம்பத்தில் பு, 0. ப படித்தால் 1 மட்டும். ம படித்தால் 2, கூடவே எப்சிலானால் 0. மறுபடி ப படித்தால் 2-இலிருந்து 3, 0-இலிருந்து 1, 3 ஏற்பு நிலை என்பதால் திரும்ப 0, ஆக 0, 1, 3 மூன்றும். அங்கிருந்து ப வந்தால் 1, ம வந்தால் 2, 0. மற்ற இடத்திலெல்லாம், போனால் திரும்பி வர முடியாத செத்த நிலைக்குப் போகும். மொத்தம் ஐந்து நிலை, பழைய டிஎஃப்ஏவுக்கும் செத்த நிலையோடு சேர்த்து ஐந்துதான். இந்த ஐந்தையும் குறைக்க முடியாது.

எப்போதும் இப்படி அடக்கமாக வராது. n நிலை உள்ள டிஎஃப்ஏவின் நட்சத்திரத்துக்கு மோசமான பட்சத்தில் 2-இன் அடுக்கு (n−1), அதோடு 2-இன் அடுக்கு (n−2) நிலைகள் வேண்டும் என்று யூ, ஜுவாங், சலோமா மூவரும் 1994-இல் காட்டினார்கள். பத்து நிலைக்கு 768. தலைகீழாகவும் நடக்கும். மேலே கோபி அம்மணிக்குச் சொன்ன மொழிக்கு டிஎஃப்ஏ செத்த நிலையோடு மூன்று, நட்சத்திரம் போட்டுச் சுருக்கினால் இரண்டே நிலை: கடைசியாகப் பார்த்தது பச்சையா, இல்லையா.

ஒரு சரம்கூட இல்லாத மொழிக்கு நட்சத்திரம் போட்டால் என்ன கிடைக்கும்? எதுவும் இல்லை என்றுதானே?
– கரூர் வாசகி

வெற்றுச் சரம் ஒன்று கிடைக்கும். ஒன்றுமே எடுக்காமல் ஒட்டுவதற்கு மொழியில் சரக்கு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சரம் இல்லாத மொழியும் வெற்றுச் சரம் மட்டும் உள்ள மொழியும் வேறு வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். படத்தில் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், பு ஏற்பு நிலை என்பதால் தானாகவே வந்துவிடும்.

ஒரு ஆசிரியர் ஒரு புது நிலை போதும் என்கிறார், இன்னொருவர் தாம்ப்சன் முறை என்று முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு நிலை சேர்த்து நான்கு எப்சிலான் போடச் சொல்கிறார். எதுதானுங்க சரி?
– ஈரோடு வாசகர்

இரண்டுமே சரிதானுங்க. வெற்றுச் சரத்தை உள்ளே விடுகிற வழிதான் வேறு. முதல் முறையில் தொடக்கத்தையே ஏற்பு நிலையாக்குகிறோம். தாம்ப்சன் முறையில் ஏற்பு நிலை எப்போதும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு. அதனால் தொடக்கத்திலிருந்து ஏற்பு நிலைக்கு எப்சிலானால் ஒரு குறுக்குப் பாதை போட்டாக வேண்டும். குறுக்குப் பாதை வந்தால் தொந்தரவு இரண்டு முனையிலும் வரும். தொடக்கத்துக்குள் அம்பு வந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். ஏற்பு நிலையிலிருந்து அம்பு வெளியே போனாலும் அதே கதைதான். ஒரு மஞ்சள், அதன் பிறகு எத்தனை பச்சை வேண்டுமானாலும் என்ற மொழியை வையுங்கள். ஏற்பு நிலையில் பச்சைக்குச் சுழல் அம்பு இருக்கும். தொடக்கத்திலிருந்து அதற்கு நேராக எப்சிலான் போட்டால், மஞ்சளே பார்க்காமல் பச்சையைப் படித்து ஏற்றுவிடும். அதனால் பின்னாலும் ஒரு புது வட்டம்.

கென் தாம்ப்சன் இதை 1968-இல் எழுதியது பரீட்சைக்காக இல்லை, ஐபிஎம் 7094 கணினியில் உரைக்குள் தேடுவதற்காக. குறி ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு நிலைதான் கூடும், உள்ளே இருக்கிற படத்தைத் தொடாமல் வெளியே மட்டும் ஒட்டிக்கொண்டே போகலாம். நிரல் எழுதுகிறவனுக்கு அது பெரிய நிம்மதி. கையால் வரைகிறவனுக்கு எப்சிலான் காடு. நான் கையால் வரைந்தால் முதல் முறைதான். நீங்கள் உங்கள் விடைத்தாளைத் திருத்தப்போகிறவர் எதைச் சொல்லிக்கொடுத்தாரோ அதைப் போடுங்கள்.

திருப்பூரில் எங்கள் யூனிட்டில் பனியன்களை 3 பீஸ் பேக், 5 பீஸ் பேக் என்று இரண்டு விதமாகத்தான் கட்டுகிறோம். சில ஆர்டர் எண்ணிக்கை மட்டும் எப்படிக் கட்டினாலும் சரியாக வருவதில்லை. இதற்கும் உங்கள் ஆட்டோமேட்டாவுக்கும் சம்பந்தம் உண்டு என்று என் பையன் சொல்கிறான். நிஜமா?
– பேக்கிங் மேற்பார்வையாளர், திருப்பூர்

பையன் விவரமானவன். பீஸ் ஒன்றுக்கு ஒரு எழுத்து, ஆகவே இந்த மொழிக்கு எழுத்தே ஒன்றுதான். அதில் இருக்கிற சரங்கள் இரண்டு: மூன்று எழுத்து, ஐந்து எழுத்து. இதற்கு நட்சத்திரம் போட்டால் எந்தெந்த எண்ணிக்கை மீதியில்லாமல் கட்ட வரும் என்ற பட்டியல் கிடைக்கும். 1, 2, 4, 7 இந்த நான்கும் வராது. 8-இலிருந்து எல்லாமே வரும், ஏனென்றால் 8 (3+5), 9 (மூன்று 3), 10 (இரண்டு 5) மூன்றும் வந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு 3 பேக்காகக் கூட்டிக்கொண்டே போகலாம். பொதுவான வகுத்தி 1-ஐத் தவிர வேறு இல்லாத எந்த இரண்டு பேக் அளவுக்கும் கடைசியாகக் கட்ட வராத எண்ணிக்கை, இரண்டையும் பெருக்கியதிலிருந்து இரண்டையும் கழித்தது. இங்கே 15 − 3 − 5 = 7. பேக் அளவை 4, 6 என்று வைத்துவிட்டால் ஒற்றைப்படை ஆர்டர் ஒன்றுகூடக் கட்ட முடியாது, அதையும் முதலாளியிடம் சொல்லிவையுங்கள்.

பையனுக்கு ஒரு வேலை. இதற்கு ஐந்தே நிலையில் என்எஃப்ஏ (ஒரே எழுத்துக்குப் பல அம்பு போகலாம் என்கிற ஆட்டோமேட்டா) வரையலாம். 0, 1, 2, 3, 4 என்று வட்டமாகச் சுற்றித் திரும்ப 0, அதோடு 2-இலிருந்து 0-க்கு ஒரு குறுக்கு அம்பு. 0-தான் தொடக்கம், அதுவேதான் ஏற்பு நிலை. இங்கே புது வட்டம் ஏன் தேவையில்லை என்று அவன் சொல்லட்டும். டிஎஃப்ஏ ஆக்கிச் சுருக்கினால் ஒன்பது நிலை வரும், 0 முதல் 8 வரை, 8-இல் சுழல்.

சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. படிவத்தில் உள்ளீட்டைச் சரிபார்க்க ரெஜெக்ஸில் (உரை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று எழுதும் குறிமுறை) நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம் போட்டிருந்தேன். சிலர் நீளமாக எதையோ தட்டினால் சர்வரே உறைந்துபோகிறது. நட்சத்திரத்தின் நட்சத்திரம் நட்சத்திரமேதான் என்று படித்தோமே?
– மென்பொருள் ஊழியர், கோவை

மொழி அளவில் ஒன்றேதான், சந்தேகமில்லை. ஆனால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் இவற்றில் இயல்பாக வருகிற ரெஜெக்ஸ் எஞ்சின் நாம் மேலே வரைந்த மாதிரி கூட்டமாக நகர்வதில்லை. ஒரு வழியில் போய்ப் பார்க்கும், முட்டினால் பின்வாங்கி அடுத்த வழி. (ப+)+ம என்று எழுதிவிட்டு (+ என்றால் நட்சத்திரம் மாதிரியேதான், ஆனால் குறைந்தது ஒன்றாவது வேண்டும்), முப்பது பச்சையைக் கொடுத்து மஞ்சளே கொடுக்காமல் விட்டால், அந்த முப்பதை எங்கெங்கே வெட்டலாம் என்று 2-இன் அடுக்கு 29 விதம் இருக்கிறது, அதாவது 53 கோடிக்கும் மேல். இல்லாத மஞ்சளைத் தேடி அத்தனையையும் முயன்று பார்க்கும். தாம்ப்சன் செய்த மாதிரி நிற்கக்கூடிய நிலைகளை எல்லாம் ஒரு கூட்டமாக நகர்த்தினால், முப்பது எழுத்துக்கு முப்பது அடி, ஒவ்வொரு அடியிலும் கைவிரலில் எண்ணக்கூடிய நிலைகள்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம் புதிதாகச் சேர்த்த ஒரே ஒரு ரெஜெக்ஸ் விதி பின்வாங்கிப் பின்வாங்கியே உலகம் முழுக்க அவர்கள் சர்வர்களின் சிபியுவைத் தின்றுவிட்டது, அவர்களை நம்பியிருந்த தளங்கள் சுமார் 27 நிமிடம் படுத்துவிட்டன. அதற்குப் பிறகு அவர்கள் தேடிப்போனது ஆர்இ2 மாதிரி, நேரத்துக்கு உத்தரவாதம் தருகிற எஞ்சின்களை. கோ மொழியில் வருகிற ரெஜெக்ஸும் இந்த வகைதான். நீங்கள் உடனடியாகச் செய்ய வேண்டியது உள்ளே இருக்கிற நட்சத்திரத்தை எடுப்பது. ப+ம போதும், மொழி மாறாது.

இந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தது யார்? தமிழ்நாட்டில் யாராவது இந்தத் துறையில் இருந்திருக்கிறார்களா?
– பொள்ளாச்சி வாசகர்

ஸ்டீபன் கிளீனி, அமெரிக்கத் தர்க்கவியலாளர். 1943-இல் மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் நரம்புச் செல்களை எளிமையான கணித மாதிரியாக எழுதியிருந்தார்கள். அந்த மாதிரி வலைகளால் எதையெல்லாம் அடையாளம் காண முடியும் என்ற கேள்விக்கு 1951-இல் ராண்ட் நிறுவனத்துக்காக கிளீனி எழுதிய அறிக்கையில்தான் இது வந்தது, நூலில் அச்சானது 1956-இல். வேடிக்கை என்னவென்றால் அப்போது அவருடைய நட்சத்திரம் இரண்டு மொழிகளுக்கு நடுவில் உட்காரும் குறி: முதல் மொழியிலிருந்து எத்தனை துண்டு வேண்டுமானாலும், கடைசியில் இரண்டாவது மொழியிலிருந்து ஒரு துண்டு. கடைசித் துண்டு ஒன்று எப்போதும் இருப்பதால் வெற்றுச் சரத் தலைவலி அவருக்கு வரவில்லை. நம் தலையில் வந்து விடிந்தது. ஒரே எழுத்துக்குப் பல அம்பு போகலாம் என்ற என்எஃப்ஏவை ரேபினும் ஸ்காட்டும் 1959-இல் கொண்டுவந்தார்கள், அதற்காக 1976-இல் டூரிங் விருது வாங்கினார்கள்.

தமிழ்நாட்டில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ராணி சிரோமணி. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். கிஃப்ட் சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் வாசலில் போடுகிற கோலங்களுக்கு இலக்கணம் எழுதினார். மார்கழி வந்தால் எடுத்துப் பாருங்கள்.

ஒரு மொழி ஒழுங்கானது (முடிவுறு ஆட்டோமேட்டா வரைய முடிவது) என்றால் அதன் நட்சத்திரமும் ஒழுங்கானது. சரி. நட்சத்திரம் ஒழுங்கானது என்றால் மூல மொழியும் ஒழுங்கானதாகத்தானே இருக்க வேண்டும்?
– நாமக்கல் மாணவர்

இல்லை தம்பி. ஒரே எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள், நீளம் பகா எண்ணாக இருக்கிற சரங்கள் மட்டும் மொழியில் உண்டு: 2, 3, 5, 7, 11 என்று. இதற்கு எந்த முடிவுறு ஆட்டோமேட்டாவும் கிடையாது. இதற்கு நட்சத்திரம் போடுங்கள். 2-உம் 3-உம் கையில் இருப்பதால் 2-இலிருந்து எல்லா நீளமும் வந்துவிடும், வெற்றுச் சரமும் வரும், வராதது 1 மட்டும். அதற்கு மூன்று நிலை போதும், வரைந்து பாருங்கள். எழுத்து ஒன்றே ஒன்றாக இருந்தால், எவ்வளவு மோசமான மொழியை எடுத்தாலும் அதன் நட்சத்திரம் ஒழுங்கானதாகவே இருக்கும். இரண்டு எழுத்து வந்ததும் இந்தச் சலுகை போய்விடும், அதற்கான எடுத்துக்காட்டு உங்களிடமிருந்து வரட்டும், அடுத்த இதழில் போடுகிறோம்.